எரித்த சட்டை

யுகேந்திரனின் சட்டையை எரித்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று லோகேஸ்வரி முடிவு செய்திருந்தாள். வக்கீலிடமும்தான்.

போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற யுகேந்திரன் அவளுக்கு ஒரே மகன். அன்று மாலை சட்டையெல்லாம் ரத்தத்தோடு வந்தான். "வேணும்னு செய்யலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். ஈரத்தலையோடு வெளியே வந்தபோது போலீஸ் வாசலில் நின்றது. கூட வேலை செய்த கிஷன் கத்திக்குத்தில் இறந்துவிட்டானாம். வண்டி மகனை ஏற்றிக்கொண்டு முனை திரும்பியதுதான் தாமதம், குளியலறைக் கொக்கியில் தொங்கிய சட்டையை இவள் எடுத்தாள். வயிற்றுப் பக்கம் நீளமாகக் கிழிந்திருந்தது. அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்சந்தில் பெயின்ட் தகரத்தில் போட்டுக் கொளுத்தினாள். மறுநாள் வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வக்கீலாகிவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்றார் ஒருவர். மோட்டார் சைக்கிளுக்கு அபராதச் சம்மன் கட்டியதைத் தவிர வேறெதற்கும் கோர்ட் வாசலை மிதிக்காதவர். லோகேஸ்வரி, தன் வீட்டுப் பத்திரம் எழுதிய பரமேஸ்வரனிடம் ஓடினாள். கோயில் தலைவரும் அவர்தான். கொலைக் குற்றம், சட்டப் பிரிவு 302 என்று கேட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"நான் வீடு நிலம் பார்க்கிற லோயர்மா. இதுல எறங்கினா உங்க மகன் தலைய வெச்சு நான் தொழில் பழகின மாதிரி ஆயிடும்லா" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் ஷாமினியின் நம்பரைக் கொடுத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வக்கீல் கிடைத்ததே புண்ணியம்தான்.

மறுநாள் கொமுட்டர் ரயிலில் ஷாமினியைப் பார்க்கப் போனாள். எதிரே இருந்த செக்யூரிட்டிக்காரரைப் போலீஸ் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போனிலேயே விவரம் வாங்கியிருந்த ஷாமினி, காலையில் யுகேந்திரனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார். நிதானமாக விளக்கினார். 302 என்றால் தூக்கு, இல்லாவிட்டால் முப்பது வருஷத்துக்குக் குறையாத சிறையும் பிரம்படியும். 304 என்றால் கொலையாகாத மரணம் விளைவித்தது. சிறை உண்டு, தூக்கு இல்லை. தன் உயிரைக் காப்பாற்றத்தான் தடுத்தான் என்று கோர்ட் நம்பினால் விடுதலையே கிடைக்கலாம். லோகேஸ்வரிக்கு 'தூக்கு' மட்டும்தான் காதில் விழுந்தது.

"கிஷன்தான் மொதல்ல கத்திய வீசினான்னு சொல்றாரு ஆன்டி. பார்த்தவங்க யாரும் இல்ல, கேமராவும் இல்ல. ஆனா அந்த வீச்சுல தன் சட்டை கிழிஞ்சிருக்கு, அம்மா பத்திரமா வெச்சிருப்பாங்கன்னாரு. எங்க அது?"

தெரியாது என்று சொல்லத்தான் லோகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"எரிச்சிட்டேன்" என்றாள்.

ஷாமினி பேனாவைக் கீழே வைத்தார். கிழிசலைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். அப்படியானால் நீங்களே சாட்சி சொல்லலாம், ஆனால் பார்த்ததைச் சொன்னால் எரித்ததையும் சொல்லியாக வேண்டும் என்றார். தடயத்தை அழித்ததற்கு உங்கள் மேலேயே வழக்கு வரலாம், சிறைக்கும் போகலாம். நான் உங்கள் மகனின் வக்கீல், உங்களுக்கும் சேர்த்து நிற்க முடியாது. உங்களுக்கென்று வேறு வக்கீலைப் பார்க்கும்வரை யாரிடமும் வாய் திறக்காதீர்கள் என்றார்.

சாட்சி சொல்கிறேன் என்றாள் லோகேஸ்வரி, யோசிக்காமல். சிறை அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

"ஏன் எரிச்சீங்கன்னு கோர்ட்ல கேப்பாங்க ஆன்டி."

உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். அவன் வேண்டுமென்றே கொன்றுவிட்டான் என்று நினைத்துத்தான் எரித்தாள். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் அதைச் சொல்றப்ப" என்று மெல்லக் கேட்டாள், "அவனும் அங்க இருப்பானா?"

"இருப்பாரு ஆன்டி" என்றார் ஷாமினி.