தங்கச்சி உருளும் படிக்கட்டு

விழும்போது அடிபடாமல் முழங்கைக்கு வைக்கிற 'பேட்' எங்கே ஒளியும் என்று தையற்காரி மரிசோலுக்குத் தெரியவில்லை. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு மஞ்சள் கவுனின் தோள்பட்டியை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். பட்டி இரண்டு விரல் அகலம்தான். அதற்குக் கீழே கார்லீனின் கை வெறும் கையாக இருந்தது. கவுனோ முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிட்டது.

"இடுப்புல ஒண்ணு வைக்கலாம், அதுவும் மெல்லிசா," என்றாள் மரிசோல், ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "அதுக்கு மேல ஒரு பஞ்சு வச்சாலும் வெளிய துருத்தும்."

"முட்டிக்கு?"

"முட்டிக்கு மாதாவை வேண்டிக்க."

படப்பிடிப்பு உடைகள் தொங்கும் அந்த வேனின் ஜன்னல் வழியே ஊர் நீதிமன்றத்தின் படிக்கட்டு தெரிந்தது. வெள்ளைப் பளிங்கு. ஜார்ஜியாவின் ஜூலை வெயில் அதன்மேல் விழுந்து கண்ணைக் குத்தியது. கூட்டக் காட்சியில் நிற்க வந்த ஊர்க்காரர்கள் மரத்தடியில் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

'இழுவைச் சகோதரர்கள்' என்று நான்கு படங்கள் வந்து நான்கும் ஓடின. பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் மூன்று அண்ணன் தம்பிகளின் கூத்து. ஒவ்வொரு படத்திலும் கடைக்குட்டித் தம்பி ஒரு நீளமான படிக்கட்டில் உருண்டு விழுவான். அந்த ஒரு காட்சிக்காகவே டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. அவன் உருள ஆரம்பித்ததும் தியேட்டரே எழுந்து நின்று கத்தும். இப்போது அவர்களுடைய தங்கைகளை வைத்து ஐந்தாவது படம். பெண்கள் வண்டி இழுக்கிறார்கள், பெண்கள் அடிக்கிறார்கள். கடைக்குட்டித் தங்கை கல்யாண கேக்கை ஏந்திக்கொண்டு உருள வேண்டும். பேட்டிகளில் எல்லாவற்றையும் தானே செய்வதாகச் சொல்லிவருகிற கதாநாயகி உருளமாட்டாள். அவளுக்கு டூப் கார்லீன்.

பதினைந்து வருஷமாகக் கார்லீன் விழுந்துகொண்டுதான் இருக்கிறாள். கணவன் தள்ளிவிட்டு மாடியிலிருந்து விழுந்தாள், கொலைகாரன் தூக்கி எறிந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தாள். அவள் விழுந்த இடத்திலெல்லாம் ஜனம் 'ஐயோ' என்றது. ஒரு ஆள்கூடச் சிரித்ததில்லை. ஊரே எழுந்து நின்று சிரிக்கிற விழுகை, இந்த வயதில், இப்போதுதான் அவள் கைக்கு வந்திருக்கிறது. சொந்த ஊரான மேக்கனில் அவள் அம்மா சர்ச் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். இதை விட்டால் இன்னொன்று வராது என்று கார்லீனுக்கும் தெரியும்.

கவுனோடு இறங்கி, படியடியில் நின்ற ஸ்டண்ட் மாஸ்டர் டிலார்டிடம் போனாள்.

"முழுக்கை வச்சுத் தரச் சொல்லுங்க டிலார்ட். காலுக்கு ஒரு பேன்ட். உள்ள பேட் கட்டிக்கிறேன். வேற ஒண்ணும் கேக்கல."

"கேட்டுப் பார்த்துட்டேன் கண்ணு. கவுன்தான் ஜோக்காம். ஒய்யாரமா வந்தவ உருண்டாத்தான் சிரிப்பு வருமாம்."

"தம்பிக்கு டூப் போட்ட ஹாய்ட் நாலு படத்துலயும் தொளதொளன்னு மெக்கானிக் உடுப்பு போட்டுக்கிட்டு உருண்டாரு. உள்ள ஒரு மெத்தக் கடையே இருந்துச்சு. அப்ப யாரும் சிரிக்கலியா?"

"அது ஆம்பளைங்க படம்."

"இது பளிங்குப் படி. விழுறது ஆம்பளையா பொம்பளையான்னு அதுக்குத் தெரியாது."

டிலார்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த படத்துக்கும் இதே கம்பெனிதான் அவரைக் கூப்பிட வேண்டும்.

"நேத்து ஒத்திகையில எவ்வளவு அழகா வந்த! எல்லாரும் கை தட்டுனோமே."

"நேத்து தலையத் தவிர எல்லா இடத்துலயும் பேட் இருந்துச்சு. இன்னிக்கி முட்டி உடைஞ்சா யாரு கை தட்டுவா?"

உதவி இயக்குநர் பெண் வாக்கி டாக்கியோடு வந்து நின்றாள். சின்ன வயசு, மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. "மேல கேக்குறாங்க. சரியா, இல்லையா? வெயில் ஏறிட்டே போகுது."

இந்தத் தொழிலில் 'மாட்டேன்' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'படியை இன்னொரு தடவை பார்க்கிறேன்' என்பார்கள், 'யோசிக்கிறேன்' என்பார்கள். மாட்டேன் என்றவளுக்கு அதற்கப்புறம் போன் வராது. அதோடு, ஒரு பெண்ணுக்கு டூப் போட முதலில் பெண்ணைத்தான் கேட்க வேண்டும் என்று யூனியன் சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறது. அவள் மாட்டேன் என்றால்தான் ஓர் ஆணுக்கு விக் மாட்டலாம். பதினைந்து வருஷமாகக் கார்லீன் அந்தச் சொல்லைப் பல்லுக்குள்ளேயே வைத்திருந்தாள். இன்றைக்கு ஆத்திரத்தில் நழுவிவிட்டது.

"இந்தக் கவுனோட நான் விழமாட்டேன். கை வச்சுக் குடுங்க, இப்பவே விழுறேன்."

அந்தப் பெண் வாக்கி டாக்கியை உதட்டருகே வைத்தாள். "டூப் மாட்டேங்குறாங்க."

"ஏய், நான் அப்படியா சொன்னேன்? முழுசாச் சொல்லு!"

வாக்கி டாக்கியில் இயக்குநரின் குரல் கரகரத்தது. "சரி. ஹாய்ட்டைக் கூப்பிடு."

ஹாய்ட் சாப்பாட்டு மேசைப் பக்கம், துணிப் பந்தலின் நிழலில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான்கு படத்திலும் உருண்டவர் என்பதால், ராசிக்காகப் படப்பிடிப்பைப் பார்க்க அழைத்திருந்தார்கள். தன் பெயர் கேட்டதும் கடலைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏம்மா அந்த வார்த்தைய விட்ட?" டிலார்டின் குரல் இறங்கிவிட்டது. "யோசிக்கிறேன்னு சொல்லியிருந்தா நான் இன்னொரு தடவ போய்க் கேட்டிருப்பேன்ல."

"முதல் தடவ எப்படிக் கேட்டீங்க? நிமிந்து நின்னா, குனிஞ்சு நின்னா?"

கார்லீன் திரும்பி, நீதிமன்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேனுக்கு நடந்தாள். நடக்க நடக்க, தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மரிசோல் தலையைத் தூக்கவில்லை. மெஷினின் ஊசிக்கடியில் கனமான மஞ்சள் துணி மடிந்து மடிந்து போனது.

"என்னடி தைக்கிற?"

"கோட்டு."

"யாருக்கு?"

"அவருக்கு. உங்க ஹாய்ட்டுக்கு." மரிசோல் துணியைத் திருப்பினாள். "கை முழுக்க முடி இருக்காம். கேமராவுல ஆம்பளக் கைன்னு தெரிஞ்சுடுமாம். அதான் முழுக்கை வைக்கச் சொல்லி ஆர்டர். காலுலயும் முடி, அதனால பேன்ட்டு."

கார்லீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு கேட்டாரா?"

"அவரு வாயே தொறக்கல. இயக்குநரே சொன்னாரு. உள்ள எத்தன பேட் வேணாலும் வச்சுக்கோன்னும் சொன்னாரு. ஹீரோயினுக்கும் இதே மாதிரி ஒண்ணு தைக்கணும்."

"அப்ப கவுன்தான் ஜோக்குன்னது?"

மரிசோல் மிதியை அழுத்தினாள். மெஷின் சத்தம் வேனை நிறைத்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "என்னைப் பார்க்காத, கார்லீன்," என்றாள். "காலையில உனக்கு முழுக்கை வைக்கவான்னு நானும் கேட்டேன். தைக்கிறவ தைச்சாப் போதும்னுட்டாங்க."

கார்லீன் முதுகு ஜிப்பில் கை வைத்தபோது கதவு தட்டப்பட்டது. உதவி இயக்குநர் பெண்தான். "கவுனைக் கழட்ட வேணாமாம் மேடம். டிலார்ட் படிக்கு வரச் சொன்னாரு."

படிக்கட்டின் உச்சியில் ஹாய்ட் நின்றார். தலையில் பொன்னிற விக். மஞ்சள் கோட்டு தோளிலிருந்து இடுப்புவரை புடைத்திருந்தது. காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"என்னா மேடம், கல்யாணம் ஆயிருச்சா?" என்று விளக்குப் பிடிக்கிறவன் ஒருவன் கத்தினான். "சமைக்கத் தெரியுமா?" என்றான் இன்னொருவன். மரத்தடிவரை சிரிப்பு போனது. ஹாய்ட் கையில் கேக்கை ஏந்திக்கொண்டு இறங்கிப் பார்த்தார். குடித்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவன் மாதிரி இருந்தது நடை.

"யோவ், இது பொம்பளைங்க படம்யா!" கேமராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் குரல் கொடுத்தார். "கொஞ்சம் நெளிவு சுளிவு வேணாமா?"

டிலார்ட் கார்லீன் பக்கம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ ஒரு தடவ இறங்கிக் காட்டு. உன்னப் பார்த்து அவரு இறங்கட்டும்."

"அதுக்கும் மாட்டேன்னு சொன்னா?"

"ஒரே நாள்ல ரெண்டு தடவ சொல்லாத கண்ணு. சாயங்காலம்வரைக்கும் நீ இங்க வேலையிலதான் இருக்க."

அவள் படியேறினாள். பளிங்கின் சூடு செருப்பைத் தாண்டி வந்தது. உச்சியில் ஹாய்ட் பக்கத்தில் நின்றாள். விக்குக்குக் கீழே அவர் கழுத்தில் வேர்வை ஓடியது.

"நான் கேட்டு வரல, கார்லீன்."

"தெரியும்."

"ரெண்டு வருஷமா ஒரு பய கூப்பிடல." அவர் குரலைத் தணித்தார். "இடுப்பெலும்ப மாத்தி வச்சிருக்கு. இவங்ககிட்ட சொல்லல. நீயும் சொல்லிடாத."

கார்லீன் அவரைப் பார்த்தாள். கீழே போய் டிலார்டின் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும், இந்த விக் இறங்கிவிடும். தனக்கு அந்தப் படி திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அப்போதும் இதே கையில்லாத கவுனோடுதான் விழச் சொல்வார்கள். இந்த ஆளுக்கு இனி எங்கேயும் வேலை இருக்காது. அவள் குனிந்து கோட்டின் மேலாக அவர் இடுப்பை அழுத்திப் பார்த்தாள். பேட் கெட்டியாக, சரியான இடத்தில் இருந்தது. மரிசோல் நன்றாகத்தான் தைத்திருந்தாள்.

"நடுவுல ஒரு படி தேஞ்சு குழிஞ்சிருக்கு," என்றாள். "அங்க குதிகால ஊனாதீங்க, மாட்டிக்கும். அதுக்கு மேல்படியிலயே சாஞ்சுடுங்க. எந்தப் பக்க இடுப்பு?"

"இடது."

"அப்ப வலது தோள முதல்ல குடுங்க."

அவள் முன்னால் இறங்கிக் காட்டினாள். அவர் பின்னாலேயே இறங்கினார். கூட்டம் கெக்கலித்தது. நடுப்படிக்கு வந்ததும் அவள் ஒதுங்கித் தூணுக்குப் பின்னால் போனாள். ஹாய்ட் திரும்ப உச்சிக்கு ஏறினார், கேமரா ஓடியது.

ஹாய்ட் உருண்டார். கேக் பறந்தது, விக் பறக்கவில்லை. அடிப்படியில் குப்புற விழுந்து கிடந்தார். தூணைப் பிடித்திருந்த கார்லீன் அவருடைய இடது இடுப்பையே பார்த்தாள். பிறகு அவர் கையைத் தூக்கி உச்சந்தலையில் தட்டினார். ஸ்டண்ட்காரர்கள் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்கிற வழக்கம் அது. ஊர்க்கூட்டம் எழுந்து நின்று சிரித்தது, விசிலடித்தது. "தங்கச்சி! தங்கச்சி!" என்று யாரோ ஆரம்பிக்க, எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

"பிரமாதம்!" இயக்குநர் எழுந்துவிட்டார். "உருண்டது பிரமாதம். நடைதான் இன்னும் ஆம்பள நடையாவே இருக்கு. இன்னொரு டேக் போவோம். அந்தப் பொண்ண மறுபடி நடந்து காட்டச் சொல்லுங்க."

மரிசோல் ஓடி வந்து ஹாய்ட்டின் கோட்டுக் கையில் ஒட்டிய கிரீமைத் துடைத்தாள். டிலார்ட் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். புதிய கேக் வந்தது. மேலே போய் நின்றதும் கார்லீன் வலது காலை முதல் படியில் வைத்தாள். வெயிலில் சிவந்த வெறும் கைகளை வீசி, இடுப்பை லேசாக வளைத்து, அவள் இறங்கினாள். அவளுக்கு ஒரு படி பின்னால், முழங்கை முட்டியெல்லாம் பேட் வைத்த மஞ்சள் கோட்டு, அவளைப் பார்த்துப் பார்த்து இறங்கியது.