சாக்கு காய்வதற்குள்

அந்த 1998-ஆம் வருஷத்து வெயில், கூப்பிடாமல் வந்த சம்பந்தியைப் போல மலேசியாவின் அலோர் காஜாவில் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கிற உத்தேசமே இல்லை.

பெரியநாயகியின் மளிகைக்கடை வாசலில் ஒரு பெரிய ஐஸ்பெட்டி. உள்ளே உறைந்த ஆட்டிறைச்சி. மோட்டார் களைத்துப் போயிருந்தது. காலி செய்து கொடுத்தால் சரி பண்ணித் தருவதாக ரிப்பேர்காரன் சொன்னான். செலவில்லாத வைத்தியமாகப் பார்த்தார் அவள் புருஷன் இருளாண்டி. மேலே தார்ப்பாய்ப் பந்தல், பெட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு. குளிர் உள்ளேயே தங்கியது. சாக்கு காயக்காய நனைக்கிற வேலை மட்டும் கண்டுபிடித்தவருக்கு வரவில்லை, பெரியநாயகிக்கு வந்தது. ஒருநாள் அவரிடம் விட்டுப் போனாள். அவர் தூங்கிவிட்டார். பெட்டிக்கடியில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. தெருநாய்கள் மட்டும் கடையை மெச்சின.

“ஞாயித்துக்கிழமை நம்ம மக மலருக்கு வளைகாப்பு. தஞ்சோங் கிளிங் போகணும்,” என்றாள் பெரியநாயகி.

“போயேன், யாரு தடுத்தா? சாக்கு காயறதுக்குள்ள வந்துடு.”

இறைச்சி வாங்க வந்திருந்த நகுலன் சார் சிரித்துவிட்டார். யாழ்ப்பாணத்து வம்சம், பள்ளியில் புவியியல் ஆசிரியர்.

“இதைத்தான் அக்கா, வானத்துக்கே செய்யலாமோ என்று சிலர் யோசிக்கினம். வடதுருவப் பக்கம் நிலமே ஐஸ்பெட்டி. ஆயிரக்கணக்கான வருஷத்துச் செத்த செடி, வேர் எல்லாம் அழுகாமல் உறைஞ்சு கிடக்கு. உருகினால் அழுகும், காஸ் கிளம்பும், அது உலகத்தை இன்னும் சூடாக்கும். உயரத்தில் தூசி தூவி வெயிலை மறைச்சால் உருகாதுதானே?”

“நல்ல மூளை,” என்றார் இருளாண்டி, சக விஞ்ஞானியாக.

“தூசி கீழே விழுந்துகொண்டே இருக்கும், அண்ணே. திரும்பத் திரும்பத் தூவ வேணும். அதை நம்பி நாங்கள் புகையையும் கூட்டிக்கொண்டே போனால், ஒருநாள் தூவாமல் விட்டதும், மறைச்சு வைச்ச சூடு முழுக்க ஒரேயடியாய் இறங்கும்.”

“அப்ப தூவறவன் வீட்டுக்கே போக முடியாதா சார்?” என்றாள் பெரியநாயகி.

“அவன் பேரனும் போக முடியாது, அக்கா.”

அவள் சாக்கு நனைக்கக் கையில் வைத்திருந்த குவளையைப் பார்த்தாள்.

அப்போதுதான் லோரி வந்து நின்றது. மலிவாகக் கிடைத்ததென்று இருளாண்டி இன்னும் இறைச்சி சொல்லி வைத்திருந்தார். பெரியநாயகி பெட்டி மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“இறக்காத லா தம்பி. திருப்பிக் கொண்டு போ.”

“புத்தி கெட்டுப்போச்சா? இந்த விலைக்கு எவன் தருவான்?” என்றார் இருளாண்டி.

“நீங்க மலிவா வாங்கி அடைக்க அடைக்க, நான் இங்கயே கிடக்கணும். உள்ள இருக்கறது வித்துத் தீரட்டும். காலியானதும் ரிப்பேர்காரனக் கூப்பிடுங்க.”

“அதுவரைக்கும்?”

“சாக்கு நனையணும். இப்ப விட்டா இருக்கறதும் நாறும்.”

ஞாயிற்றுக்கிழமை இருளாண்டி மட்டும் வளையல் தட்டோடு பஸ் ஏறினார், பெண்கள் நடுவில் எங்கே உட்காருவது என்ற கவலையோடு. பெரியநாயகி கடைத் தொலைபேசியில் மகளை அழைத்தாள்.

“பிரசவத்துக்குக் கண்டிப்பா வந்துடுவேன், மலரு.”

“ஐஸ்பெட்டி விட்டாத்தானே,” என்றாள் தேவமலர்.

பெரியநாயகி போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். சாக்கில் தண்ணீர் ஊற்றினாள். மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். பெட்டியின் அடி இன்னும் தெரியவில்லை.