கேட்டை விட்டு அசையாத ஆள்

யூனிஃபார்மைத் துவைத்து, தேய்த்து, பையில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள் மலர்கொடி. அதைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி மூன்று முறை போன் வந்துவிட்டது. அதைப் போட்டிருந்த ஆள் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அவள் புருஷன் பஞ்சநாதன் சுண்ணாம்புக்கல் குவாரியில் நான்கு வருடமாக நைட் வாட்ச்மேன். குரும்பலூர் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கரில் போர் வற்றிப்போன பிறகு கிடைத்த வேலை. லாரி ஹாரன் அடித்தால் அடுத்த நிமிடம் கேட் திறக்க வேண்டும். கக்கூஸ் என்று ஒன்று கிடையாது. எட்ட இருக்கும் கருவேலங்காட்டுக்குத்தான் நடக்க வேண்டும்.

போன தை மாதத்திலிருந்து அவன் அடிக்கடி எழுந்து போக ஆரம்பித்தான். சூப்பர்வைசர் ராஜவேல் கேட்டில் இருந்த கேமராப் பதிவைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"ஏன்யா, நைட்டுல மனுசனுக்கு அஞ்சு தடவ வருமா? பீடி குடிக்கப் போயிட்டு எங்கிட்டயே கத வுடுறியா? இன்னொரு தடவ கேட்ட வுட்டுப் போன, வூட்டோட இருந்துக்க."

காலையில் வந்து இதைச் சொல்லிவிட்டுப் பஞ்சநாதன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். வழி சொன்னது மலர்கொடிதான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது அவளுக்கு.

"தண்ணி குடிச்சாத்தானங்க வருது? சாயந்தரத்தோட நிறுத்திப் பாருங்க."

அன்றிலிருந்து டூட்டிக்குத் தண்ணீர் பாட்டில் போகவில்லை. சாப்பாட்டுத் தூக்கில் ரசமும் மோரும் வைப்பதை நிறுத்தினாள். பகலெல்லாம் காய்ந்த கல் இரவிலும் சூடு கக்கும் அந்த இடத்தில், வறண்ட தொண்டையோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தான் பஞ்சநாதன். அப்படியும் வந்தது. அடக்கிக்கொண்டான். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டான். வைகாசியில் கால் வீங்கியது. ஆனியில் வாந்தி எடுத்து விழுந்தவனைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ராத்திரி தூக்கத்துல எத்தன தடவ எழுந்திரிப்பாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"அவருக்கு ராத்திரில ஏதுங்க தூக்கம்? டூட்டியில்ல."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ராத்திரியானா கிட்னி தண்ணிய உள்ள நிறுத்தி வெச்சுக்கும்மா. கொஞ்சமாத்தான் வெளிய வுடும். அதனாலதான் நாம விடிய விடியத் தூங்குறோம். கிட்னி கெட ஆரம்பிச்சா, பெரும்பாலும் மொதல்ல போறது அந்த வழக்கந்தான். மத்தவங்கன்னா, ராத்திரில அடிக்கடி எழுந்திரிச்சுத் தூக்கம் கெடுதேன்னு அப்பவே வந்துடுவாங்க. இவரு அப்ப வந்திருந்தா இன்னும் பல வருஷம் ஓட்டியிருக்கலாம். தண்ணியும் இல்லாம, வலி மாத்திரையும் போட்டு..."

பகல் தூக்கத்திலும் அவன் எழுந்து எழுந்து போய்க்கொண்டுதான் இருந்தான். பகலில் கொல்லைக்குப் போகிறவனை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதுவும் அவள் அளந்து கொடுப்பதுதான். ஒன்றுக்கு வருவதே நின்றுவிட்டது.

குவாரி ஆபீஸில் ராஜவேல் யூனிஃபார்மை வாங்கி, பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"நல்ல மனுசம்மா. கடைசி நாலஞ்சு மாசம் கேட்ட வுட்டு அசையவே இல்ல. அவரு மாதிரி ஆள் கெடைக்காது."

பஸ்ஸில் வரும்போது திட்டுவதற்கென்று மலர்கொடி சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"நீங்க அன்னிக்குக் கேட்டது நெசந்தான் சார். ராத்திரில மனுசனுக்கு அஞ்சு தடவ வரக்கூடாதாம். டாக்டரும் அதத்தான் சொன்னாரு."

ராஜவேல் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே சொன்னேன்லம்மா! வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினார்.

அவளுக்குத் தொண்டை காய்ந்துதான் கிடந்தது. வேண்டாம் என்று தலையசைத்தாள்.