இரண்டு துளை வரிசைகள்

1

2019 மார்ச் 6, புதன்கிழமை. இந்தியானா மாநிலம், பெல்ஃபோர்ட் நகரம். உள்ளூர் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில், முன்னாள் கூடைப்பந்து ஆட்டக்காரர் கர்ட்டிஸ் ஓபர்மையரின் மறைவுச் செய்தி வெளியானது. அதனுடன் வந்த படம் வெண்டல் ட்ரிப்புடையது. வெண்டல் ட்ரிப் உயிரோடு இருந்தார்.

கதை பிறந்த இடம் இதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாம்பல் புதன். மதியத்துக்குள், நெற்றியில் சாம்பல் பூசிய மூன்று பெண்கள் மூடிய பாத்திரங்களோடு வெண்டல் வீட்டு வாசலில் நின்றார்கள். கோழியும் நூடுல்ஸும். எங்கள் ஊரில் துக்க வீட்டுக்கு அதுதான் போகும். செத்தவரே வந்து கதவைத் திறந்ததில் ஒருத்தி பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். மற்ற இரண்டையும் வெண்டல் வாங்கிக்கொண்டார்.

"கொண்டாந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போகாதீங்கம்மா. செத்தது நான் இல்லைன்னாலும் பசிக்குதுல்ல," என்றாராம்.

இதைக் கேட்டதும் எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

தன் துக்கச் சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிட்ட வெண்டல் ட்ரிப், அறுபத்தெட்டு வயதில்

அங்கேயே நிறுத்தினேன். அந்த வாக்கியம் சிரிக்கத் தயாராக நின்றது. வெண்டலோ அந்த வாரம் தன் மிக நெருங்கிய நண்பரைப் பறிகொடுத்திருந்தார். தவிர, இந்தக் கதையில் கையில் இருப்பதை இழக்க வேண்டியவர் வேறொருவர். அவரிடமிருந்து தொடங்கினால் சரியாக வரும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேனா என்று தெரியவில்லை.

2

லைல் கெஸிங்கர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், யார் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாலும், ஏதோ தப்பாகப் போகிறது என்று பட்டால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். (இந்த விவரம் பின்னால் தேவைப்படும். தேவைப்படும் என்று தெரிந்தே இங்கே வைப்பது கொஞ்சம் உறுத்துகிறது. இருந்தாலும் எடுக்கவில்லை.)

லைல் சேர்ப்பது ஒரே ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட அட்டைகளை: ஆர்டிஸ் வெல்ச். எங்கள் பக்கத்தில் அவரைக் 'கதவு' என்பார்கள். எதிரணிக்காரன் பந்தோடு உள்ளே நுழையும் நேரம் பார்த்துச் சாத்திவிடுவார். வெல்ச்சின் அட்டைகளில் லைலிடம் இல்லாதது ஒன்றுதான் இருந்தது.

1980ல் ஒரு கம்பெனி, சிக்கனத்துக்கோ புதுமைக்கோ, ஒரே அட்டையில் மூன்று ஆட்டக்காரர்களை அச்சடித்தது. இடையில் இரண்டு துளை வரிசைகள், தபால்தலைத் தாளில் இருப்பது போல. கிழித்தால் மூன்று குட்டி அட்டைகள். நாடு முழுக்கப் பையன்கள் கிழித்தார்கள். இடது ஓரத்தில் இருந்த வெல்ச்சை வைத்துக்கொண்டு, நடுவிலும் வலது ஓரத்திலும் இருந்த இருவரை எறிந்தார்கள். அதனால் கிழியாத அட்டைதான் அபூர்வம். கிழிந்த துண்டுக்குச் சந்தையில் மரியாதை கிடையாது.*

லைல் பல வருடங்கள் தேடி, போன இலையுதிர் காலத்தில் ஒஹாயோவில் ஒரு வீட்டு ஏலத்தில் கிழியாத ஒன்றைப் பிடித்தார். அட்டைகளின் தரம் பார்த்து மதிப்பெண் போடும் கம்பெனிக்கு அனுப்பினார். நல்ல மதிப்பெண்ணோடு, கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். வெல்ச், நடுவில் வெண்டல் ட்ரிப், அடுத்து கர்ட்டிஸ் ஓபர்மையர். மூவரும் ஒரே அணி. வெல்ச் ஆடினார். மற்ற இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு எழுதி, அச்சு வரலாறு எல்லாம் சொல்லலாம் என்று இருந்தேன். எழுதிப் பார்த்ததில் எனக்கே கொட்டாவி வந்தது.

3

மார்ச் 9, சனிக்கிழமை. தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் அட்டைச் சந்தை. லைல் எதையும் விற்பதில்லை. மேஜைக்கு வாடகை கட்டி, நடுவில் அந்தப் பெட்டியை நிறுத்திவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜை பெர்னி ஓஸ்ட்ரௌஸ்கியுடையது. அட்டை வியாபாரமே அந்த அம்மாவுக்குத் தொழில்.

"ஏன்யா லைல், விக்காத சாமானுக்கு எதுக்கு மேஜை? சர்ச்சுல மாதா சிலை மாதிரி வெச்சுட்டு உக்காந்திருக்க?"

"நாலு பேர் பார்க்கட்டும்னுதான்."

"பார்க்கறவன் மூச்சு விட்டாலே முறைக்கறியே."

அப்போது வெண்டல் வந்தார். நெடிய உருவம். கையில் பன்றி இறைச்சி சாண்ட்விச். எங்கள் ஊர் வழக்கப்படி இறைச்சி ரொட்டியைத் தாண்டி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. எண்ணெய் சொட்டும்," என்றார் லைல்.

"அதான் பெட்டிக்குள்ள இருக்கே?"

"இருந்தாலும்."

வெண்டல் சாண்ட்விச்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நடுவுல இருக்கறது யாருன்னு தெரியுமா, தம்பி?"

லைல் குனிந்து படித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "வெண்டல் ட்ரிப்."

"அது நான்தான்."

லைல் அட்டையைப் பார்த்தார். ஒடுங்கிய தாடை, கொக்கி மூக்கு. எதிரே நின்றவருக்கு அகன்ற முகம், சப்பை மூக்கு. "நாப்பது வருஷம் ஆச்சுல்ல," என்றார் மரியாதையாக.

"வயசானா மூக்கு மாறுமாய்யா? பேருதான் என்னுது. மூஞ்சி கர்ட்டிஸோடது. அந்தக் கடைசியில கர்ட்டிஸ்னு போட்டு நிக்கறான் பாரு, அதான் நான். படத்தை மாத்திப் போட்டுட்டானுங்க."

பெர்னி சிரித்துவிட்டார். "கோச், புதன்கிழமை பேப்பர்ல செத்தீங்க. இன்னிக்கு கார்டுல ஆள் மாறாட்டமா?"

வெண்டல் பள்ளியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் கோச்.

"பேப்பர்ல சாகடிச்சதே இந்தக் கார்டுதாம்மா. ஆபீஸ்ல பழைய துண்டு ஒண்ணு கெடந்திருக்கு. கர்ட்டிஸ்னு பேர் போட்டிருந்தது, எடுத்துப் போட்டுட்டானுங்க." பிறகு லைலிடம் திரும்பினார். "பின்னால திருப்பிப் படி."

லைல் திருப்பினார். வெண்டல் ட்ரிப் என்ற பெயருக்குக் கீழே 'இடது கை ஆட்டக்காரர்' என்று இருந்தது. முன்பக்கம் திருப்பினார். நடுவில் இருந்தவர் பந்தை வலது கையில் வைத்திருந்தார். கடைசியில் இருந்தவர் இடது கையில். இருவரும் ஆட்டத்துக்கு முன் போடும் ஜாக்கெட்டோடு நின்றதால் முதுகு எண்ணோ மார்பு எண்ணோ தெரியவில்லை.

"அந்த ஜாக்கெட்டைக் கழட்டற வேலையே எங்களுக்கு வந்ததில்ல," என்றார் வெண்டல். சாண்ட்விச் அவருடைய இடது கையில் இருந்தது.

வெல்ச்சின் காதோரம் ஆரஞ்சு மை எவ்வளவு வழிந்திருக்கிறது என்று பார்த்து, அது எந்தத் தாளில் அச்சான அட்டை என்று சொல்லக்கூடியவர் லைல். அதே அட்டையின் மற்ற இரண்டு பங்கை அவர் அன்றுதான் பார்த்தார்.

"திங்கக்கிழமை கர்ட்டிஸை அடக்கம் பண்றாங்க. இது அவன் கையில இருக்கணும். வெல்ச்சை நீ கிழிச்சு வெச்சுக்க. எங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் குடு."

"கிழிக்கறதா?" பெர்னி போட்ட சத்தத்தில் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. "கோச், துண்டு துண்டா என்கிட்ட எவ்ளோ கெடக்கு. நடுவு ஒண்ணு, கடைசி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, பசை போட்டு ஒட்டிக்கோங்க. சும்மாவே தர்றேன்."

"என்கிட்டயும் ஒரு பிஸ்கட் டப்பா நெறைய இருக்கும்மா. என் பசங்க கண்ட இடத்துலேர்ந்து பொறுக்கிட்டு வந்து குடுப்பாங்க. அத்தனையும் என் பேரு, அவன் மூஞ்சி. கிழிச்சா ரெண்டுமே பொய். ஒட்டினா ரெண்டு பொய்யை ஒட்டினதுதான். கிழியாம இருந்தாத்தான் என் பேரும் என் மூஞ்சியும் ஒரே அட்டையில இருக்கும். அவனுக்கும் அப்படித்தான்."

லைலின் கால் தரையை அழுத்தியது. "மன்னிச்சுக்கங்க கோச். முடியாது."

"சரி தம்பி. கேட்டுப் பார்த்தேன்."

4

பெர்னியைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். வெண்டல் போன பிறகு அவர் லைலிடம் சொன்னது: "இது பிழைக் கார்டுன்னு வெளிய தெரிஞ்சா இதோட மவுசே வேற. நாப்பது வருஷமா ஒருத்தனும் கவனிக்கல. கிழியாததை வெச்சுட்டு நீ உக்காந்திருக்க. கிழிச்சேன்னா உன்னைவிடப் பைத்தியக்காரன் இருக்க மாட்டான்."

இரண்டாவது வரைவில் இதைச் சொல்லும்போது அவருடைய கண்கள் (மின்னின / சுருங்கின) என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உள்ளது உள்ளபடி சொன்னால், அவர் தன் சாண்ட்விச்சிலிருந்து விரலில் ஒட்டிய கடுகு சாஸைத் துடைத்துக்கொண்டே, கலங்கிப்போய்ச் சொன்னார். ஆசை காட்டும் சாத்தான் கதைக்கு வசதிதான். பெர்னி அப்படிப்பட்டவர் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. சேர்ப்பவர்களுக்குப் பிழை என்றால் பொக்கிஷம்.

லைலைப் பற்றியும் எனக்குக் குழப்பம்தான். அன்று மாலை என்ன நினைத்தார் என்று எழுத மூன்று முறை முயன்றேன்.

வீட்டுக்குத் திரும்பிய லைலின் மனதில்

பதினோரு வருடங்களாக எதைத் தேடினோம் என்று

லைல் அன்று எதுவும் நினைக்கவில்லை. உருளைக்கிழங்கு

அவரையே கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒண்ணும் புரியல. அதை எடுத்துப் பார்த்தா இப்ப வெல்ச் கண்ணுல படவே மாட்டேங்கறாரு. அந்த ரெண்டு பேரும்தான் என்னையே பார்க்கறானுங்க."

இதை நான் முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று வரைவுகள் மிச்சமாகியிருக்கும்.

5

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி வரை கர்ட்டிஸின் உடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. அன்று, கோடைகாலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள். லைல் மறந்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். திறந்த சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வெண்டல் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

(ஒரு கதாசிரியர் இப்படி ஆளில்லாத அறையை ஏற்பாடு செய்தால் நானே நம்ப மாட்டேன். ஆனால் அன்று பாதி ஊர் ஒரு மணி நேரம் பிந்திதான் ஓடியது.)

லைல் கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். "கோச், கிழிக்காமலே வைக்கலாம்ல? அடக்கம் வரைக்கும் இருக்கட்டும். மூடறதுக்கு முன்னால எடுத்துக்கறேன்."

வெண்டல் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தார், சவப்பெட்டியையும் பார்த்தார். "பெட்டிக்குள்ள ஒரு பெட்டியா? அவன் ஆயுசு முழுக்க அந்த ஜாக்கெட்டுக்குள்ள உக்காந்திருந்தது போதாதா?"

லைல் மறு பையில் கையை விட்டார். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து விளிம்பில் நெம்பினார். பெட்டி விரிந்தது.

(கிழிக்காத எண்ணத்தோடு வந்தவரின் பையில் ஸ்க்ரூடிரைவர் எதற்கு? கேட்டேன். "எப்பவும் வண்டியில கெடக்கும்," என்றார். பெட்டி நெம்பப்பட்டது வண்டியில் இல்லை.)

அதன் பிறகு நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன். லைல் வெல்ச் இருந்த முனையைப் பிடித்துக்கொண்டார். வெண்டல் மறு முனையை, கர்ட்டிஸ் என்ற பெயருக்குக் கீழே தன் முகம் இருந்த துண்டை, இடது கையால் பிடித்தார்.

"நீங்களே கிழிங்க கோச்."

"உன் கார்டு. நீ கிழி."

"என்னால முடியல."

"நான் மட்டும் என்ன, சிலையா?"

லைலின் வலது கால் தரையை அழுத்தியது. அட்டை கிழிந்தது.

6

யார் இழுத்தது?

லைல், வெண்டல் இழுத்தார் என்கிறார். வெண்டல், லைல் இழுத்தான் என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. லைல் இழுத்திருந்தால் இது, கையில் இருந்ததைக் கொடுத்த ஒருவரின் கதை. வெண்டல் இழுத்திருந்தால், தனக்கு வேண்டியதைக் கடைசியில் கேட்காமலே எடுத்துக்கொண்ட ஒருவரின் கதை. இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்தேன். முதலாவது படிக்க இதமாக இருந்தது, அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டாவதில் வெண்டலுடன் எனக்கு மனத்தாங்கல் வந்தது, அவர் வாரம் ஒருமுறை என்னோடு சீட்டாட வருகிறவர். மூன்றாவதாக, யாருமே இழுக்கவில்லை, நாற்பது வருடத் துளைகள் தாமாகவே விட்டுக்கொடுத்தன என்று ஒன்று எழுதலாம். அது என் கோழைத்தனம்.

எனவே இழுத்த கையை வாசகர் தீர்மானித்துக்கொள்ளட்டும். எது என்று முடிவு செய்தாலும், கீழே வரும் தகவல்களில் எதுவும் மாறாது.

முதல் துளை வரிசை சுத்தமாகக் கிழிந்தது. இரண்டாவது கிழியவில்லை. மார்ச் 11, திங்கட்கிழமை, கர்ட்டிஸ் ஓபர்மையர் அடக்கம் செய்யப்பட்டார். பிரியாத இரண்டு துண்டுகளும் அவருடைய வலது கையில் இருந்தன. ஏப்ரல் சந்தையில் லைலின் மேஜையில், ஓரம் பல் பல்லாக நின்ற ஒரு வெல்ச் மட்டும் இருந்தது. அதையும் அவர் விற்கவில்லை.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்பு வெண்டல் அந்த ஜோடித் துண்டைப் படம் பிடித்து, விளக்கம் எழுதி, நாளிதழுக்கு அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை திருத்தம் வெளியானது. இடம் போதாததால் அவர்கள் படத்தை நடுவில் வெட்டி, கர்ட்டிஸின் முகம் இருந்த பாதியை மட்டும் போட்டார்கள். முகம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே அட்டையில் அச்சாகியிருந்த 'வெண்டல் ட்ரிப்' என்ற பெயரும் சேர்ந்து வந்துவிட்டது.

மதியம் வெண்டல் ட்ரிப் வீட்டுக்கு ஒரு பாத்திரம் வந்தது.