அப்பா நீட்டிய கை

ரத்தம், சீழ், வாந்தி எதைப் பார்த்தும் எனக்குக் குமட்டாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் வேலை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைக் கறை பார்த்துப் பிரித்துப் போடுவதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அப்படிப்பட்டவளுக்கு இந்த விடுமுறையில் பெற்ற அப்பாவைப் பார்த்துக் குமட்டியது.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ரிடையரான பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன அப்பா, டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். லைசென்ஸ் இன்னும் வரவில்லை. வருஷா வருஷம் குடும்பத்தோடு போய்த் தங்கும் மலை பங்களாவுக்கு இந்தத் தடவை டீச்சரம்மாவும் எங்களோடு. கிளம்பும் முன்னால் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவளை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன். திரும்பி வர்றதுக்குள்ள யோசிச்சுச் சொல்லும்மா. நீ வேணாம்னா வேணாம்."

தம்பி தனிக்குடித்தனம் போய்விட்டான். அந்த வீட்டில் இப்போது அப்பாவும் நானும் மட்டும்தான்.

அப்பாவின் மூக்குக்கு வீடே அடங்கி நடந்த காலம் உண்டு. வாசனை சோப்பு ஆகாது. அடுத்தவர் வாய் வைத்த டம்ளர் ஆகாது. குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் எழுந்து போய்விடுவார். வெளியூர் போனால்கூட அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. பழக்க தோஷம், இந்தத் தடவையும் எல்லாவற்றையும் நான்தான் எடுத்து வைத்தேன். போன மறுநாள் காலையிலேயே, டீச்சரம்மா பாதி குடித்து வைத்த காபியை எடுத்து மீதியைக் குடித்தார் மனுஷன். குடித்துவிட்டு, தேன் குடித்த நரி மாதிரி ஒரு இளிப்பு. அந்த அம்மா கடித்த ஆப்பிளை வாங்கி இவரும் ஒரு கடி. அவருக்காக எடுத்து வந்த தனி டம்ளரை நான் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"இதையெல்லாம் பார்க்கணும்னு நம்ம தலையெழுத்து, அக்கா" என்று தம்பி சிரித்தான். அவனுக்கு எல்லாமே வேடிக்கைதான்.

அம்மாவுக்குக் கடைசி மாதங்களில் எதைக் கொடுத்தாலும் வெளியே வந்துவிடும். பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நிற்பது நான். அப்பா வாசல் கேட்டுக்கு வெளியே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். தலை தூக்க முடியாத நிலையிலும் அம்மா, "கதவைச் சாத்துடி, அப்பாவுக்கு நாத்தம் ஆகாது" என்பாள். சாத்திய கதவுக்கு உள்ளேதான் அவள் உயிர் போனது. அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். சிலர் உடம்புவாகு அப்படி, பாவம், அவரால் முடியாது என்று மனதார நம்பினேன்.

திரும்பும்போது தம்பி கார் ஓட்டினான். நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். காலமெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்தே பழகிய டீச்சரம்மாவுக்குப் பின்சீட் ஒத்துக்கொள்ளவில்லை. "கியரைக் குறைங்க தம்பி, வளைவுல பிரேக்கை மிதிக்காதீங்க" என்று பாடம் எடுத்துக்கொண்டே வந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. நான் ஒரு கவரைத் தேடி எடுப்பதற்குள் அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அந்த அம்மாவின் வாய்க்குக் கீழே நீட்டினார். அத்தனையும் கையில் விழுந்தது. விரலிடுக்கில் வழிந்து பேன்ட்டில் சொட்டியது.

"பரவால்ல, பரவால்ல. எல்லாம் வெளிய வரட்டும்" என்றார். மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை.

தம்பி வண்டியை ஓரங்கட்டினான். டீச்சரம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, கூசிப்போய், "மன்னிச்சுக்கம்மா" என்றார் என்னிடம். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வாந்தி யாருக்குத்தான் வராது. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்பாவிடம் போனேன்.

பாட்டிலைச் சாய்த்து ஊற்றினேன். கழுவினார். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானாம்மா இது? நான் என்னமோ ஏதோன்னு ஆயுசு பூரா பயந்துட்டு இருந்திருக்கேன் பாரேன்!"

நான் மெச்சிக்கொள்வேன் என்று எதிர்பார்த்த முகம் அது. ச்சீ என்று இருந்தது எனக்கு. பெற்றவரைப் பார்த்து அப்படித் தோன்றக் கூடாதுதான், தோன்றியது.

சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையே நீ?"

"கூட்டிட்டு வாங்கப்பா."

"நெஜமாவாம்மா?"

"நெஜமாத்தான். நான் வேற வீடு பாத்துக்கறேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏம்மா? அவ உன்னை என்ன பண்ணா?"

"அவங்க ஒண்ணும் பண்ணல" என்று பாட்டிலை மூடினேன். "அம்மா எடுத்த வாந்தியும் இவ்வளவுதான்ப்பா."

நுரையோடு இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். நான் தண்ணீர் ஊற்றவில்லை.