குழாயடியில் பாப்பா

விடியுமுன்பே பெண்கள் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். விரலில் துள்ளும் இறாலைப் பிடித்து, பல்லால் கவ்விய ஓலைப்பறிக் கூடைக்குள் போட வேண்டும். தாடை தண்ணீரில் தோய, முதுகு ஒடிய, வெயில் ஏறும்வரை இதே வேலை. சிப்பி கிழித்த விரல்களில் உப்பு எரிந்தது.

அன்று தடவவே வேண்டியிருக்கவில்லை. அரைத்த கீரைபோல் தடித்த பச்சைத் தண்ணீரில் இறால்கள் தாமாக மேலே வந்து மொய்த்தன.

பாப்பா பறியை வாயிலிருந்து எடுத்தாள். "ரெஜினாக்கா, இங்க வா! சும்மா அள்ளிக்கினே இருக்கலாம்!"

"இன்னாடி, உன் கைய மோந்துகினு வருதா?"

பாப்பா சிரித்தாள். பறியைக் கவ்விக்கொண்டு, கூட்டம் அதிகமாயிருந்த குழாயடிக்குப் போனாள். இறால் பண்ணையின் கழிவு நீர்க் குழாய் அது.

இறால் இப்படி மேலே வருவது அவளுக்கு வரவு. இறாலுக்கோ மூச்சுத் திணறல். பண்ணையிலிருந்து வந்த அழுகிய தீவனத்தைத் தின்று பெருகிய நுண்பாசி, இருட்டில் தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் குடித்துவிட்டிருந்தது.

மண்கரைக்கு அப்பால், பண்ணையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஏசுதாஸ் குளத்து ஷட்டர் சக்கரத்தருகே நின்றான். குழாயடி அங்கிருந்து தெரியாது. நோய் கண்டு இறாலெல்லாம் செத்த குளம். மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் கொட்டிய தண்ணீரை, நெடி அடங்கும்வரை தேக்கி வைக்க வேண்டும். முதலாளி கோதண்டராமனுக்குப் புது இறால்குஞ்சு இறக்கும் அவசரம்.

"தொறந்து வுடுறா."

ஏசுதாஸ் சக்கரத்தைச் சுற்றினான்.

குழாய் உறுமியது. நுரைத்துப் பாய்ந்த வெள்ளம் பாப்பாவை முகத்தில் அறைந்து, சிப்பி படிந்த சிமெண்டுக் கட்டையில் மோதியது. பல்லில் பறி, வாயை மூடவும் முடியவில்லை, அலறவும் முடியவில்லை. ரெஜினா தலைமயிரைப் பற்றி இழுத்தபோது நெற்றி பிளந்திருந்தது. கண்கள் வெந்து வீங்கியிருந்தன. மூச்சு விசிலடித்தது.

"மூடுங்கடா! பாப்பா சாவுறாடா!"

ஷட்டரை மூடிவிட்டு ஏசுதாஸ் ஓடி வருவதற்குள், இரண்டு பெண்கள் அவளை ஊர் ஆட்டோக்காரன் மோசஸின் வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே ஓட முயன்றவனைக் கோதண்டராமன் மறித்தார்.

"அவள யாரு பைப்பாண்ட நிக்கச் சொன்னது? போர்டு வச்சிருக்கேன்ல?"

"போர்டு உங்களுது மொதலாளி. கழி உங்களுது இல்ல."

"அடுத்த கொளத்தத் தொறந்துட்டுப் போ. என் கார்லயே அனுப்புறேன்."

"தொறக்க மாட்டேன்."

மேலாளர் அபிஷேக்கின் இரும்புக் கம்பி இறங்கியது. ஏசுதாஸின் தோளெலும்பு முறிந்தது. ஓங்கிய இரண்டாம் அடியை மோட்டார் பார்க்கும் பெஞ்சமின் உள்ளங்கையில் வாங்கினான். தோல் பிய்ந்தது. கம்பியைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தான். அபிஷேக்கைச் சட்டையோடு தூக்கிச் சேற்றில் அடித்தான்.

"பெஞ்சமின்! நீ என்கிட்டதானே சோறு துன்ற?"

"எங்கம்மா அந்தக் கழில தடவித்தான் என்ன வளத்துச்சு. நீங்களே தொறங்க மொதலாளி. கீழ யாரு நிக்கறாங்கன்னு பாத்துட்டுத் தொறங்க."

கோதண்டராமன் எட்டிப் பார்த்தார். குழாய் வாயெதிரே பெண்கள் தோளோடு தோள் நெருக்கி நின்றிருந்தார்கள். நடுவில் ரெஜினா, பாப்பாவின் ரத்தம் மார்பெல்லாம் உறைந்திருக்க.

"சுத்து மொதலாளி! எங்க மூஞ்சியப் பாத்துகினே சுத்து!"

அவர் அடுத்த குளத்தின் சக்கரத்தைப் பிடித்தார். பெஞ்சமினைத் தொடர்ந்து பண்ணை ஆட்கள் ஒவ்வொருவராகக் கரையிலிருந்து குதித்தார்கள். ஒடிந்த தோளைத் தாங்கியபடி ஏசுதாஸும் சறுக்கி இறங்கினான்.

"நீ இன்னாத்துக்கு?" ரெஜினா அதட்டினாள். "அவ கண்ணு தொறந்தா உன்னத்தான் தேடுவா. போ. இங்க நாங்க கீறோம்."

அவன் தள்ளாடியபடி சாலைக்கு ஏறினான். எதிரே, முதலாளி வரவழைத்த போலீஸ் ஜீப் சவுக்குத்தோப்பு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

கழிமுகத்தில் யாரும் கலையவில்லை. பெஞ்சமின் ரத்தக் கையை நீட்டினான், ரெஜினா பற்றிக்கொண்டாள். எல்லோரும் சாலைப் பக்கம் திரும்பி, ஓரடி பின்வாங்கி, குழாயின் வாயைத் தங்கள் முதுகால் அடைத்தார்கள்.