பதினேழாம் நம்பர் பல்வரிசை

பல்செட்காரருக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும்; பல் மறக்காது. பேருந்தில் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவரைப் பார்த்து, 'இவர் மேல்வரிசையில் மூன்று நாம் செய்தது ஆயிற்றே' என்று கண்டுபிடித்துவிடுகிற ஆசாமி. அப்படிப்பட்டவர் செவ்வாய்க்கிழமை காலை, பல்செட் செய்யும் லேப்பில் ஒரு பிளாஸ்டர் பல் அச்சைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

ஊரின் மறுகோடியிலுள்ள பல் டாக்டரிடமிருந்து வந்த அச்சு. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் இரவில் மாட்டிக்கொள்ளும் உறை ஒன்று செய்ய வேண்டும். பெயர் கிடையாது, பதினேழு என்று நம்பர் மட்டும். ஆனால் கீழ்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடது கோரைப்பல்லின் நுனியில் குருணையளவு உடைசல். பதினொரு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற பல்! அவருடைய மனைவி, கணக்கு டீச்சர்.

பையில் இன்னொரு தாளும் இருந்தது. லேப்புக்கு வர வேண்டியதே அல்ல. டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் கேஸ் தாளின் நகலைக் கவனிக்காமல் சேர்த்து மடித்துவிட்டாள். நல்லவர்கள் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார்கள். நம்மவர் இரண்டு தடவை படித்தார்.

'காலையில் எழுந்ததும் தாடை வலி. வாய் திறக்கச் சிரமம். மனச்சோர்வுக்கு எட்டு மாதமாக மாத்திரை. பல் கடிப்பது அதன் பிறகே.'

எட்டு மாதம்! ஒரே கூரை, ஒரே கட்டில்! இரவில் கேட்ட கறகறச் சத்தத்துக்கு அலமாரிக்குப் பின்னால் எலிப்பொறி வைத்த புத்திசாலி அவர். எலி விழாததற்குக் கடைக்காரரை வேறு ஒரு பிடி பிடித்திருந்தார். காலையில் அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பேசாமல் இருந்ததை, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள் என்று முடிவுகட்டி, பதிலுக்குத் தன்னுடையதையும் தூக்கிவைத்துக்கொண்டார்.

சந்தேகம் தனியாகவா வரும்? சொந்தபந்தத்தோடு அல்லவா வரும்! சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்றாளே, எந்த கிளாஸ்? சோர்வு யாரால்? தலைமையாசிரியரா? புதிதாக வந்த அறிவியல் வாத்தியாரா? இவ்வளவை மறைத்தவள் நாளைக்குப் பெட்டியைக் கட்டமாட்டாள் என்பது என்ன நிச்சயம்? சாயங்காலத்துக்குள் தெரிந்த அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு முடித்தார். மிச்சம் ஒரே ஆள். அந்த ஆளுக்குத்தான் அவர் தினமும் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்துவிடுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைச் சிரிக்கவைத்து வாயைப் பார்த்துவிடத் தீர்மானித்தார். இரண்டு ஜோக் சொன்னார். இரண்டும் ஊசிப்போனவை.

"என்ன, வந்ததிலேர்ந்து என் வாயையே பாக்குறீங்க? பல்லைப் புடிச்சுப் பாத்து மாடு வாங்கப் போறீங்களா?"

"பதினேழாம் நம்பர்" என்றார்.

அவள் கையிலிருந்த டம்ளர் மெதுவாக மேஜையில் இறங்கியது.

"அவ்வளவு தூரம் போயும் உங்க கைக்கே வந்துடுச்சா?"

"கூடவே கேஸ் தாளும் வந்துச்சு, படிச்சேன். மாத்திரை சாப்பிடுறத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க வாயில எதுங்க தங்கியிருக்கு? எனக்கு வயித்துப்போக்கு வந்த மறுநாளே உங்க பெரியம்மா போன்ல வைத்தியம் சொன்னாங்க. இது தெரிஞ்சா பைத்தியம்னு பேர் வச்சு ஊரையே கூப்பிட்டிருப்பாங்க."

"சரி, அந்த மாத்திரையாலதானே இந்தக் கடி? நிறுத்திடு, தீர்ந்துபோச்சு."

"இதுக்குத்தான் சொல்லல. மாத்திரைக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன், தெரியுமா? குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூம்ல அழுவேன். தண்ணி வீணாகுதுன்னு கதவைத் தட்டுனீங்க."

தட்டியது அவருக்கு நினைவிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அளவைக்கூடச் சொல்லிக் கத்தியிருந்தார்.

"மாத்திரை குடுத்த டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்" என்றாள். "சிலருக்கு இப்படிக் கடிக்க வருமாம். நீயா நிறுத்தாத, அளவை மாத்திப் பாக்கலாம், அதுவரைக்கும் பல்லுக்கு உறை போட்டுக்கோன்னாங்க."

அவர் விரலால் மேஜையைச் சுரண்டினார். பிறகு, "என்னாலயா?" என்றார்.

கணக்கு டீச்சர் அவசரப்பட்டு விடை சொல்வதில்லை.

"எல்லாமே உங்களாலன்னு சொல்லி அந்தப் பெருமையை உங்களுக்கு ஏன் குடுக்கணும்? கொஞ்சம் உங்களால."

கொஞ்சம் என்றால் எவ்வளவு? கால்வாசியா, அரைவாசியா? கேட்க நாக்கு துடித்தது. பிள்ளையில்லாத குறைக்கு ஒரு பங்கு போக, அவர் வாய் செய்த வேலைக்கு எத்தனை பங்கு? அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். அவர் கேட்கவில்லை.

மறுநாள் அந்த உறையின் ஓரத்தை அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். நாக்கு பட்டால் உறுத்தக் கூடாது. தாடை ஒரு பக்கமாக இழுபடக் கூடாது. மத்தியானம் முதலாளி வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னப்பா, ஒரு உறைக்கு அரை நாளா? யாரு, உனக்குத் தெரிஞ்சவங்களா?"

மற்ற மேஜைகளில் பல் தேய்க்கும் மோட்டார்கள் நின்றன. பல்செட்காரர் வாயைத் திறந்தால் ஒரு கதையாவது விழும் என்பது லேப் அறிந்த சத்தியம்.

"நம்பர்தான் போட்டிருக்கு" என்றார் அவர்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. பல்செட்காரர் குனிந்து, ஓரத்தை இன்னொரு தடவை தேய்த்தார்.